முடிவு: பார்த்தது

"நீ பாத்தியா?"

பாயிடம் யார் எதைக் கொண்டுபோனாலும் முதலில் அந்தக் கேள்விதான் வரும். ஆரம்பாக்கம் பக்கம் நல்ல மழையாம் பாய் என்பான் கொய்யாப்பழம் விற்பவன். நீ பாத்தியா? இல்ல பாய், பஸ்ல வந்தவன் சொன்னான். அவன் பாத்தானா? அதற்குள் ஆரம்பாக்கத்தில் மழையே நின்றிருக்கும்.

கும்மிடிப்பூண்டி பஜாரில், பரோட்டாக் கடையை ஒட்டி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட நீள அறையில் அவர் வீடியோ கேம் கடை வைத்திருந்தார். மூன்று டிவி, மூன்று பெட்டி, ஒரு மர ரேக் நிறைய கேசட். பாட்டுக் கேசட் இல்லை. மஞ்சள், சாம்பல், கறுப்பு நிறங்களில் உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் ஓடுகள். பெட்டியின் தலையில் செருகினால் டிவிக்குள் ஓர் உலகம் எழுந்து நிற்கும். எழாவிட்டால் கழற்றி, வாயால் ஊதிவிட்டு, மறுபடி செருக வேண்டும். இரும்பு உருக்கும் ஆலைகளில் ஷிப்ட் முடித்தவர்கள் கழுத்தில் கரியோடு, டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு ஆடுவார்கள். பகலெல்லாம் நெருப்பைப் பார்த்த கண்கள் அந்தச் சின்ன நீலத்தில் இறங்கிக் குளித்துக்கொண்டிருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் நடந்தது இது. நான் ஸ்டேஷன் ரோட்டில் ஒரு டிடிபி கடையில் தமிழ் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து நோட்டீஸ், கண்ணீர் அஞ்சலி. மூன்றுக்கும் ஒரே பூ பார்டர். வேலை இல்லாத மத்தியானங்களில் யாருக்கும் காட்டாத கவிதைகள் அடிப்பேன், அடித்து அழிப்பேன்.

ஒரு நாள் பாய் தலையணை ஒன்றை நியூஸ்பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். பிரித்தால் புத்தகம். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வரும் பழைய காகிதத்தை அரைத்துப் புதுக் காகிதம் செய்யும் ஆலையில், அவருக்குத் தெரிந்தவர் ஒருவர் கட்டிலிருந்து உருவிக் கொடுத்தது. அட்டை கிழிந்து, ஒரு மூலை ஈரத்தில் ஊறி உப்பியிருந்தது. உள்ளே பளபளவென்று, உலகத்தில் வீட்டு டிவிக்கென்று வந்த எல்லா வீடியோ கேம் பெட்டிகளும் இருந்தன. ஒவ்வொரு பெட்டிக்கும் பெண் பார்க்க அனுப்பும் போட்டோ மாதிரி ஒரு படம். கீழே எந்த நாடு, எந்த வருஷம். அதற்குக் கீழே அதில் ஆடிய ஆட்டங்கள், ஆட்டத்துக்கு மூன்று வரி, கடைசியில் நட்சத்திரங்கள்.

"இன்னாமா எழுதிக்கீறான்?"

முன்னுரையை மெதுவாகத் தமிழாக்கிச் சொன்னேன். இவை மறைந்துபோன ஒரு காலத்தின் இயந்திரங்கள், இன்று சேகரிப்பாளர்களின் அலமாரிகளில் மட்டுமே காணக் கிடைப்பவை என்று இருந்தது.

பாய்க்குச் சிரிப்பு தாளவில்லை. "மறைஞ்சிடுச்சாமா? எங்க? நம்ம கடையில மூணு ஓடிக்கினு கீது. நாலாவது ஆளு எனக்கு எப்ப எடம் வரும்னு என் தலைய துன்றான். இவன் இங்க வந்து பாக்கலமா. பாக்காமலே எழுதிட்டான்."

அப்புறம் பக்கங்களைத் தள்ளித் தள்ளித் தேடினார். என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. கடைசிப் பக்கம் வந்ததும் புத்தகத்தைக் கவிழ்த்துப் பின்னட்டையையும் பார்த்தார்.

"முடிவு எங்கமா?"

"எதோட முடிவு பாய்?"

"ஆட்டத்தோட முடிவு. கடைசி ஸ்டேஜ் தாண்டினா இன்னா வருது? அத எங்கயுமே சொல்லலியே."

முடிவைச் சொல்லிவிட்டால் ஆடுகிறவரின் சந்தோஷம் போய்விடும் என்று முன்னுரையிலேயே எழுதியிருந்தது. அதையும் படித்துச் சொன்னேன். பாய் புத்தகத்தை மூடினார்.

"அது அவுங்க ஊர்ல. நம்ம பசங்க எவனாவது முடிவுக்குப் போயிக்கீறானா? ஒருத்தனுக்கு டைம் முடிஞ்சிடும். ஒருத்தனுக்கு ஷிப்ட்டு சங்கு ஊதிடும். எல்லாம் நல்லா போய்க்கினு இருந்தா கரண்டு போயிடும். கரண்டு போனா பொட்டி எல்லாத்தையும் மறந்துடும், திரும்ப மொதல்லருந்து. பாதியிலயே எழுந்து போறானுங்கமா, எல்லாரும் பாதியிலயே. கல்லாவாண்ட வந்து, பாய், கடைசியில இன்னா ஆச்சின்னு கேக்கறான். நான் இன்னா சொல்றது?"

பிறகு சொன்னார்: "இதே மாதிரி ஒண்ணு போடணும். தமிழ்ல. முடிவோட."

இப்படித்தான் எங்கள் ஊரில், சுவரில் ஒரு பக்கம் பிள்ளையார் சுழியும் மறுபக்கம் பிஸ்மில்லாவுக்கான எழுநூற்று எண்பத்தாறும் போட்ட எங்கள் டிடிபி கடையில், ஒரு அகராதி ஆரம்பமாயிற்று. ஆட்டத்தின் பெயர், பஜாரில் அதைக் கூப்பிடும் பெயர், கேசட்டின் நிறம், எத்தனை பேர் ஆடலாம். கடைசியாக 'முடிவு'. முடிவுக்குப் பக்கத்தில் அவர் கட்டாயமாகக் கேட்ட ஒற்றைச் சொல்: 'பார்த்தது'. பார்க்காவிட்டால் 'பார்க்கவில்லை' என்று வரும். பார்க்கவில்லை என்று இருக்கும்வரை புத்தகம் அச்சுக்குப் போகாது.

பாயால் ஆட முடியாது என்பது பஜாரே சிரித்து ஓய்ந்த விஷயம். அவருடைய கட்டைவிரல் எந்த ஆட்டத்திலும் முதல் பள்ளத்தைத் தாண்டியதில்லை. ஆடியது அக்கா, அவர் மனைவி. கடைக்குப் பின்னால்தான் வீடு. சமோசாவுக்கு வெங்காயம் நறுக்கிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வந்து குட்டை முக்காலியில் உட்காருவார். உட்கார்ந்தால் டாங்கிகள் வெடிக்கும், கட்டடங்கள் ஏறப்படும், வாத்துகள் வரிசையாக விழும். ஆலை ஆட்கள் தங்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவரைச் சுற்றி நிற்பார்கள். பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டுப் பென்சிலோடு இருப்பார்.

"இந்தா, பூதம் எந்தப் பக்கம் விழுந்துச்சு?"

"எனக்கு இன்னா தெரியும்? நான் அத சுட்டுக்கினு இருந்தேன். பாக்கறது உங்க வேலை."

"எடது பக்கம்" என்று சொல்லி எழுதிக்கொள்வார்.

ஒரு கேசட்டின் அட்டையில் பத்தாயிரம் ஆட்டங்கள் என்று போட்டிருந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் அதை நம்பினார்கள், அல்லது நம்பாமல் விட்டார்கள். பாய் மட்டும் தினமும் விடியலில் ஃபஜ்ர் தொழுதுவிட்டு வந்து, கடை திறப்பதற்கு முன், ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். அதே டாங்கி சிவப்பில், அதே டாங்கி பச்சையில், அதே டாங்கி தலைகீழாக. எத்தனையோ வாரங்கள். கடைசியில் உள்ளே இருந்தது இரண்டு கை விரல்களுக்குள் அடங்கியது. அகராதியில் அதற்கு ஒரே வரி: 'அட்டையில் சொன்னது இல்லை. பார்த்தது.'

எனக்கும் அவருக்கும் சண்டை வந்தது ஓடக்காரனில்.

அது ஒரு படகு ஆட்டம். ஒரு சின்ன ஆள், தலையில் துண்டு கட்டின மாதிரி நாலு வெள்ளைப் புள்ளி, கையில் துடுப்பு. சுறா வரும், சுழல் வரும், மேலே பறவை கல் போடும். அவன் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கரை எங்கோ இருக்கிறது என்று ஒரு சின்ன மஞ்சள் விளக்கு திரை ஓரத்தில் காட்டும், நெருங்கினால் தள்ளிப்போகும். முதல் ஸ்டேஜுக்கு ஒரு மெட்டு உண்டு. டிங் டிடிங் டிங், டிடிங் டிங். பஜாருக்கே மனப்பாடம். சுவருக்கு அந்தப் பக்கம் பரோட்டா மாஸ்டர் அந்த மெட்டிலேயே கொத்து பரோட்டா போடுவார். இங்கே யாராவது ஓடக்காரனைப் போட்டால் அங்கே தோசைக்கல்லில் இரண்டு தகடுகளும் தாமாகவே தாளம் பிடிக்கும். ஸ்டேஜ் மாறினால் மெட்டு மாறும், மாஸ்டர் தன் பழைய தாளத்துக்குத் திரும்பிவிடுவார்.

ஓடக்காரனைப் பற்றிய பதிவில் நான் என் கைச்சரக்கைச் சேர்த்துவிட்டேன். 'அலைகள் ஆர்ப்பரிக்க' என்று அடித்திருந்தேன். பாய் புரூஃபில் அந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இது இன்னாமா?"

"அலை பெருசா சத்தம் போடறது பாய்."

"பெருசா எங்க போடுது? டுப், டுப்புன்னுதான வரும். நீ கேட்டியா?"

"ஒரு அழகுக்குப் போட்டேன்."

"அழகு கல்யாணப் பத்திரிகையில போடுமா. அதுல பாக்காமலே திருநிறைச்செல்வின்னு போடறல்ல, அங்க போடு. இது பாத்து எழுதற புஸ்தகம்." ஆர்ப்பரிப்பை அழித்து, கையாலேயே 'டுப் டுப்' என்று எழுதினார். ஒரு வாரம் எனக்கு அவர்மேல் கோபம். கவிதை எழுதுகிறவளுக்கு ஒரு வினையெச்சம் போவது பல் போவது மாதிரி.

எல்லா ஆட்டங்களும் ஒவ்வொன்றாக முடிந்து, 'பார்த்தது' விழுந்துகொண்டே வந்தது. ஓடக்காரன் மட்டும் நின்றான். மிக நீளமான ஆட்டம். அக்கா கடைசிச் சுழல் வரை போவார், கரண்டு போகும். மறுமுறை போவார், சுறா. இன்னொரு முறை, அடுப்பில் எண்ணெய் புகைகிறது என்று எழுந்து ஓடுவார். கிரேன் ஓட்டுகிற ஒருவர் இருந்தார், தடாப் பக்கத்து ஆள், தெலுங்கு கலந்து பேசுவார். ஷிப்ட் முடிந்து கடைக்குள் தலையை நீட்டி அவர் கேட்கும் முதல் வார்த்தையே அதுதான்.

"நைனா, ஓடக்காரன் இன்னா ஆனான்?"

"தெரியாதுப்பா. இன்னும் பாக்கல."

"கரை சேந்துட்டான்னு போட்டுடு நைனா. யாரு வந்து கேக்கப்போறான்?"

"நீ பாத்தியா?"

கிரேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போவார்.

ஒரு முறை நானே கேட்டேன், இந்த ஒன்றை மட்டும் 'பார்க்கவில்லை' என்று விட்டுவிட்டு அச்சுக்குக் கொடுத்தால் என்ன என்று. பாய் பழவேற்காட்டுக்காரர். ஏரியும் கடலும் சேரும் முகத்துவாரத்தைப் பார்த்து வளர்ந்தவர். "எங்க ஊர்ல" என்றார், "படகு கடலுக்குப் போச்சின்னா, கரையில நிக்கறவுங்க அது வர்றதுக்கு முன்னால ஊட்டுக்குப் போவமாட்டாங்க. ஒருத்தராச்சும் நின்னுக்கினு இருக்கணும். பாதியில திரும்பக்கூடாது."

அந்த வருஷம் நோன்புப் பிறை பார்க்கிற சாயங்காலம் எங்கள் டிடிபி கடை மாடிக்கு ஏறி வந்தார். பஜாரில் உயரமான மாடி அதுதான். பிறை தெரிந்துவிட்டதாகச் செய்தி வந்துவிட்டது, டிவியிலும் சொல்லிவிட்டார்கள் என்றேன். "டிவி பாத்துச்சா? யாரோ பாத்தத அது சொல்லுது." மேற்கில் ஆலைப் புகை, அதற்குமேல் கழுவிவிட்ட மாதிரி ஒரு கீற்று வானம். அக்காவும் வந்திருந்தார். மூன்று பேரும் நின்றோம்.

"அதோ" என்றார் அக்கா. "டவருக்கு எடது பக்கம்."

எனக்கும் தெரிந்தது, நகத்தை வெட்டிப்போட்ட மாதிரி. பாய் கண்ணைச் சுருக்கினார், விரித்தார், கையைப் புருவத்துக்குக் குடையாக வைத்தார். டவரைத்தான் தேடுகிறார் என்று எனக்குப் புரிய நேரமாயிற்று. அவ்வளவு பெரிய டவர். அவர் கை மெல்ல இறங்கியது.

"நீ பாத்தியா?" என்றார் அக்காவிடம். வழக்கமாக எதிராளியை மடக்குகிற கேள்வி, அன்றைக்கு வேறு குரலில் வந்தது.

"பாத்தேங்க."

"அப்ப சரி. நாளைக்கு நோன்பு."

இறங்கும்போது, நான் கேட்காமலே சொன்னார்: "நாம பாக்கணும். இல்லன்னா பொய் சொல்லாத சாட்சி ஒண்ணு பாக்கணும். எங்க அத்தா அப்டிதாம்மா சொல்லுவாரு. அவ பொய் சொல்லமாட்டா."

சர்க்கரை பாயின் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற நரம்பைத் தின்றுகொண்டிருந்தது. சென்னையில் பெரிய டாக்டர் வெளிச்சம் பாய்ச்சிப் பார்த்தார். இருக்கிறதை இருக்கிறபடி வைத்துக்கொள்ளலாம், போனது வராது என்றார். இருந்ததும் நிற்கவில்லை. அதன்பிறகு பாய் டிவிக்குப் பக்கம் பக்கமாக ஸ்டூலை நகர்த்திக்கொண்டே வந்தார். நான் புரூஃபில் எழுத்தைப் பெரிதாக்கினேன். கொஞ்ச நாளில் இன்னும் பெரிதாக்கினேன். பக்கத்துக்குப் பத்து ஆட்டம் இருந்தது மூன்றாயிற்று, ஒன்றாயிற்று. அவர் பார்வை இளைக்க இளைக்க அந்தப் புத்தகம் பெருத்தது.

"இன்னாமா, அந்த வெள்ளைக்காரன் புஸ்தகத்தவிட நம்மளது குண்டாயிடுச்சி?" என்று கையில் எடை பார்த்துச் சிரித்தார்.

பிறகு நான் படித்துக் காட்ட ஆரம்பித்தேன்.

அக்காவின் ஆட்டத்தில் அவசரம் வந்தது அப்போதுதான். வெங்காயத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து உட்காருவார். பாய்க்கு வெளிச்சமாவது தெரிகிறபோதே ஓடக்காரனைக் கரையில் விட்டுவிட வேண்டும் என்று. போவார். கரண்டு போகும். இருட்டிலேயே இரண்டு பேரும் உட்கார்ந்திருப்பார்கள். "பரவால்ல, வுடு" என்பார் பாய். அந்த மழைக்காலம் முழுக்க அப்படிப் போயிற்று. கோடை முடிந்தபோது டிவி ஓடுகிறதா அணைந்திருக்கிறதா என்று அவர் கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்.

அடுத்த நோன்பும் பெருநாளும் முடிந்து ஆயுத பூஜை வந்தது. அன்றைக்கு சிப்காட் முழுக்க ஓய்வு. உருளைகளுக்கும் உலைகளுக்கும் சந்தனப் பொட்டு, வாழைக்கன்று. ஆலைகள் படுத்துவிட்டால் கரண்டு போகாது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. என் கம்ப்யூட்டரும் மாலையோடு சும்மா இருந்தது. பொரிப் பொட்டலத்தோடு கேம் கடைக்குப் போனேன். கிரேன்காரரும் நெற்றியில் குங்குமத்தோடு வந்திருந்தார். அவரும் கை நிறையப் பொரி கொண்டுவந்திருந்தார். அக்கா ஏற்கெனவே முக்காலியில் இருந்தார்.

வெயில் சாய்கிற வரை ஆடினார். சுறா போயிற்று. பறவைகள் போயின. கடைசிச் சுழல். பாய் பக்கத்து ஸ்டூலில், முகத்தைத் திரைக்கு நேராக வைத்துக்கொண்டு, காதால் பார்த்துக்கொண்டிருந்தார். படகு சுழலின் விளிம்பில் ஒருமுறை, இன்னொருமுறை சுற்றி, வெளியே வந்தது. மஞ்சள் விளக்கு முதல்முறையாகத் தள்ளிப்போகாமல் நின்றது. நெருங்கியது. தொட்டது.

திரை ஒரு முறை கறுத்தது.

பிறகு வந்தது முதல் ஸ்டேஜ். அதே கடல், அதே சுறா, அதே இடத்தில் அதே ஆள், துடுப்போடு, புறப்படத் தயாராக. டிங் டிடிங் டிங். அவ்வளவுதான். முடிவு என்று ஒன்று அந்தக் கேசட்டுக்குள் யாரும் வைக்கவே இல்லை.

அக்காவின் கை டிவியின் சத்தத்தை அணைத்தது. கிரேன்காரர் "நைனா, திரும்ப மொத..." என்று வாயைத் திறந்தார். அக்கா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். கிரேன்காரர் கையிலிருந்த பொரி முழுவதையும் வாயில் போட்டுக்கொண்டார்.

"சேந்துட்டாங்க" என்றார் அக்கா.

பாய் அசையவில்லை. "கரை வந்துச்சா?"

"வந்துச்சு."

"எப்டி கீது?"

அக்கா திரையைப் பார்த்தார். அங்கே ஓடக்காரன் துடுப்பு போட ஆளில்லாமல் அலையில் ஆடிக்கொண்டிருந்தான். அக்கா கண்ணை அங்கிருந்து எடுக்காமலே பேசினார். "மணலுங்க. வெள்ள மணலு. லைட் அவுஸ் ஒண்ணு, நம்ம ஊர்ல இருக்கற மாதிரியே. படக இழுத்து மேல போடறான். ஒரு பொம்பள நிக்கிறா, கையில லாந்தரு."

"இம்மா நேரமும் நின்னுக்கினே இருந்தாளா?"

"ஆமாங்க. ஊட்டுக்குப் போவல."

"தனியாவா?"

"தனியாதான்."

அப்போதுதான் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. சத்தம் அணைவதற்கு முன் கசிந்த அந்த இரண்டு வினாடி மெட்டு பரோட்டா மாஸ்டரின் கைக்குப் போய்விட்டிருந்தது. தோசைக்கல்லில் தகடுகள் எழுந்தன. டிங் டிடிங் டிங், டிடிங் டிங். முதல் ஸ்டேஜ். சந்தேகமே இல்லாமல், பஜாருக்கே கேட்கிற மாதிரி.

அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டார். நான் பொரியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாயின் வலது கை அவர் முழங்காலின் மேல் இருந்தது. விரல்கள் அந்தத் தாளத்தை ஒரு சுற்று தட்டின, மெதுவாக. அடுத்த சுற்றில் பாதியில் நின்றன. அவர் முகம் அக்கா இருந்த பக்கம் திரும்பியது.

"நீ பாத்தியா?" என்றார்.

"பாத்தேங்க."

தகடுகள் ஓடிக்கொண்டே இருந்தன. பாய் தலையை ஆட்டினார். பிறையை ஒப்புக்கொண்ட அதே ஆட்டல்.

"எழுதிக்கமா" என்றார் என் பக்கம்.

"இன்னிக்கி எழுதக்கூடாது பாய், சரஸ்வதி பூஜை."

"நாளைக்கு விஜயதசமிதான? கம்ப்யூட்டரத் தொறந்ததும் மொதல்ல இத அடி. அவ சொன்னாமாதிரியே. மணலு, லைட் அவுஸ், லாந்தரு, எல்லாம்."

அவருடைய புத்தகம், அவரைக் கேட்காமல் முடியாது. "முடிவுக்குப் பக்கத்துல என்ன போடட்டும் பாய்?"

"இன்னாமா கேள்வி இது? பார்த்ததுன்னு போடு."

அக்கா எழுந்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுப்பைப் பார்க்கப் போனார். அவர் கொலுசுச் சத்தம் வீட்டுக்குள் போய்ச் சேரும்வரை பாய் காத்திருந்தார். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்:

"அந்த அலை... நான் ஒரு வாட்டி அழிச்சேன்ல. ஆர்ப்பரிக்கன்னு. அதையும் எங்கயாச்சும் சேத்துக்கோமா."